60 ஆண்டு கேட்பாரற்றுக் கிடந்த ரயில் பாலத்தில் நடக்கலாமா, சைக்கிள் ஓட்டலாமா?

கரும்புத் தோட்டத்துக்கு நடுவே, ஆற்றின் மேல் ஒரு பழைய ரயில் பாலம். கருங்கல்லில் கட்டிய ஐந்தாறு வளைவுகள். தண்டவாளத்தை எப்போதோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அதை நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் மாற்றப் போவதாக ஊர்க்கூட்டத்தில் அறிவித்திருக்கிறார்கள். சிறுவயதில் அதே பாலத்தின் மேல் ரயிலில் போய்வந்த உங்கள் பாட்டியோ, பிள்ளைகளை அதன் மேல் விடவே கூடாது என்கிறார். இத்தனை ஆண்டு கழித்து அது மனிதர்களைத் தாங்குமா என்பது எனக்கு நீங்கள் எழுதிய கடிதத்தின் முதல் கேள்வி. நீங்கள் கேட்பது எடையைப் பற்றி. பாட்டி அஞ்சுவது காலத்தைப் பற்றி. இரண்டில் பாட்டியின் கவலைதான் பொருத்தமானது என்பேன், அவர் மனத்தில் இருக்கும் காரணம் வேறாக இருந்தாலும்.

நான் மொரிசியஸின் ரோஸ் ஹில்லில் பிறந்தவன். சென்னைக்குப் போய்க் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்தேன். வீட்டில் தேவாரம் பாட மட்டும் பயன்பட்ட என் தமிழ் வாய்திறந்து பேச ஆரம்பித்ததும் அங்கேதான். பிறகு வேல்ஸ் நாட்டில் இரண்டரை ஆண்டு, பழைய கல்பாலங்களின் அடியில் கயிற்றில் தொங்கிக்கொண்டு சுத்தியலால் தட்டிப் பார்க்கும் வேலை. திரும்பி வந்து மொரிசியஸிலேயே சாலையும் பாலமுமாக முப்பது ஆண்டு ஓடிவிட்டது. உங்கள் பாலத்தை நான் நேரில் பார்க்கவில்லை. பார்க்காத பாலத்துக்கு நற்சான்று கொடுக்கும் பொறியாளர் எவரையும் நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து. பாலம் நன்றாக இருக்கிறதா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. எதைப் பார்த்தால் தெரியும், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் எடை. கோயில் வாசலில் இரண்டு பக்கமும் கட்டித் தொங்கவிட்ட பூமாலையை நினைத்துக்கொள்ளுங்கள். தன் எடைக்கு ஏற்ப ஒரு வளைவில் அது தொங்குகிறது. அந்த வளைவை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தால் அதுவே கல்வளைவு நிற்கும் வடிவம். ராபர்ட் ஹூக் 1675-இல் சங்கிலியை வைத்துச் சொன்ன உண்மை இது. மாலையில் எல்லாம் இழுபடுகிறது, வளைவில் எல்லாம் நசுங்குகிறது. நசுக்கலைத் தாங்குவதில் கருங்கல்லை மிஞ்சிய பொருள் குறைவு. மாலையின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு தேங்காயைக் கட்டினால் மாலை கோணிக்கொள்ளும் அல்லவா? பாலத்தின் ஒரு பக்கத்தில் எஞ்சின் வந்து நிற்கும்போதும், கல்லுக்குள் சுமை இறங்கிப் போகும் கோடு, நாங்கள் விசைக்கோடு என்பது, அப்படித்தான் கோணுகிறது. கோணிய கோடும் கல்லின் தடிமனுக்குள்ளேயே அடங்கியிருக்கும்வரை பாலம் விழாது. கல்பாலக் கணக்கின் உயிர் இதில்தான் இருக்கிறது. கல் நொறுங்குமா என்று நாங்கள் கணக்குப் போடுவது அரிது. கோடு கல்லுக்குள் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம்.

நடப்பவர்களின் எடை ஒன்றுமே இல்லை என்று சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். அது முழு உண்மையல்ல. மக்கள் நெருக்கியடித்து நிற்கும் பாலத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 500 கிலோ என்று எடுத்துக்கொள்வது வழக்கம். தைப்பூசத்தன்று காவடி ஊர்வலம் பாலத்தின் மேல் வந்து, முன்னால் போகிறவர்கள் நின்றுவிட, பின்னால் வருகிறவர்கள் நெருக்கினால் எப்படியிருக்கும், அந்த நெரிசல்தான் இந்த எண். பாதை 4 மீட்டர் அகலம் என்றால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 2 டன். நடுத்தரமான ஒரு நீராவி எஞ்சின் மீட்டருக்கு 5 டன்னை ஒட்டி இறக்கும், அதையும் சில சக்கரங்களின் வழியாகக் குத்தலாக இறக்கும். ஆக, மிக மோசமான நெரிசல்கூட எஞ்சினின் பாதிக்கும் கீழேதான். இரண்டையும் தூக்கிச் சாப்பிடுவது பாலத்தின் சொந்த எடை. கல்லும் உள்ளே நிரப்பிய மண்ணும் சேர்ந்து 5 மீட்டர் அகலம், சராசரி 2 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் மீட்டருக்கு 20 டன்னுக்குக் குறையாது. அந்தச் சொந்த எடைதான் மாலையை இறுக்கிப் பிடித்து நேராக வைத்திருக்கிறது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பாதை போடும் ஒப்பந்தக்காரர்கள் முதலில் கைவைப்பது இதில்தான்.

பழைய பாலம் பாவம், சுமையைக் குறைப்போம் என்று நல்ல எண்ணத்தோடு மேலே உள்ள மண்ணை அள்ளத் தொடங்குவார்கள். ஒரு வளைவின் மேலிருந்து அள்ளிவிட்டுப் பக்கத்து வளைவை அப்படியே விட்டால், நடுவிலுள்ள தூணை ஒரு பக்கம் பலமாகவும் இன்னொரு பக்கம் மெதுவாகவும் தள்ளுகிறார்கள் என்று பொருள். ரயில் பாலத்தின் தூண்கள் ஒல்லியானவை. இரண்டு பக்கத் தள்ளலும் சமமாக இருக்கும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டவை. ஒரு வளைவு போனால் அடுத்தடுத்த வளைவுகளும் வரிசையாகப் போகலாம். அதனால்தான் நீளமான பாலங்களில் சில வளைவுகளுக்கு ஒருமுறை ஒரு தடித்த தூணை வைத்தார்கள், சரிவு அதோடு நிற்கட்டும் என்று. உங்கள் பாலத்தில் அப்படி ஒரு தடித்த தூண் இருக்கிறதா என்று பாருங்கள். மண்ணை எடுத்தே ஆக வேண்டும் என்றால் எல்லா வளைவிலும் சீராக, இரண்டு பக்கமும் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். இருபது டன் மண்வெட்டி எந்திரம் பாலத்தின் மேல் ஏறவே கூடாது. பாதையான பிறகு அந்தப் பாலம் காணப்போகும் மிகப் பெரிய சுமை காவடிக் கூட்டமாக இருக்காது. திறப்பு விழாவுக்கு முந்தைய வாரம் அவசரமாக உள்ளே வரும் கான்கிரீட் லாரியாகத்தான் இருக்கும். எந்த வண்டி எவ்வளவு எடை வரை ஏறலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

இனி காலம். நம் தீவில் வடக்குப் பாதை 1864-இல் திறந்தது, மேட்டுநிலம் ஏறி மாயேபூர் போகும் மத்தியப் பாதை 1865-இல். பயணிகள் ரயில் 1956 மார்ச்சோடு நின்றது. கரும்பும் சர்க்கரையும் ஏற்றிய சரக்கு ரயில் 1964 வரை ஓடியது. நூறாண்டு ஓடிய அந்தக் காலத்தில் பாலத்தை ரயில் கெடுக்கவில்லை. ரயில் நின்ற பிறகுதான் அது கெட ஆரம்பித்தது. காரணம், ரயிலோடு கேங் ஆட்களும் போய்விட்டார்கள். ரயில் ஓடும் பாதையில் தினமும் யாரோ ஒருவர் நடந்துகொண்டிருப்பார். முளைத்த செடியைப் பிடுங்குவார், அடைத்த துளையைக் குத்திவிடுவார், நகர்ந்த கல்லைப் பார்த்தால் மேஸ்திரியிடம் சொல்வார். யாரும் கவனிக்காத அந்த வேலை நின்று 60 ஆண்டு ஆகிவிட்டது.

அந்த 60 ஆண்டில் பாலத்துக்குள் போனது தண்ணீர். கல்பாலம் திடமான ஒரு கற்கட்டி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது ஒரு தொட்டி. அடியில் வளைவு, இரண்டு பக்கமும் சுவர், நடுவில் மண்ணும் கல்லும். மேலே ஜல்லி, ஜல்லி வழியாக மழை நேராக உள்ளே இறங்கும். கட்டியவர்களுக்கு இது தெரியும். வளைவின் முதுகில் களிமண்ணோ தாரோ பூசி, தண்ணீர் தூணின் தலைப்பகுதிக்கு வழிந்து, அங்கே விட்ட துளைகள் வழியாக வெளியேறும்படி செய்தார்கள். அந்தப் பூச்சு இந்நேரம் வெடித்திருக்கும். துளைகளை மண்ணும் வேரும் அடைத்திருக்கும். ஐரோப்பாவில் உள்ளே நின்ற தண்ணீர் பனிக்காலத்தில் உறைந்து கல்லைப் பிளக்கிறது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மத்திய மேட்டுநிலத்தில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் வரை மழை கொட்டுகிறது, உறையாவிட்டாலும் ஊறுகிறது. ஊறிய மண் கனத்துப் பக்கச்சுவரை வெளியே தள்ளும். கல்லுக்கு நடுவிலுள்ள சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு தண்ணீர் கீழே சொட்டும்.

இதைக் கண்ணால் பார்க்க முடியும். வளைவுக்குக் கீழே போய் நின்று நிமிர்ந்து பாருங்கள். கறுப்புக் கல்லின் இணைப்புகளில் வெள்ளைத் தாடி போல ஏதாவது தொங்கினால், அது பாலத்தின் சாந்து கரைந்து வெளியே வந்து மறுபடி கட்டியானது. மொரிசியஸில் அந்தக் காலத்துச் சுண்ணாம்பு பெரும்பாலும் கடலிலிருந்து எடுத்த பவளப்பாறையைச் சூளையில் சுட்டது. அந்த வெள்ளைத் தாடியைப் பார்க்கும்போதெல்லாம் பவளம் கடலுக்குத் திரும்ப வழிதேடுகிறது என்று எனக்குத் தோன்றும். இது பொறியாளன் எழுதக்கூடாத வரி, போகட்டும். ஈரக்கறை மட்டும் இருந்தால் பயமில்லை. வெள்ளைத் தாடி இருந்தால் நீண்ட காலமாக ஓடுகிறது என்று தெரிகிறது, ஆனால் எவ்வளவு சாந்து போய்விட்டது என்பது அதன் நீளத்தை வைத்துத் தெரியாது. தாடியோடு சிறு கற்களோ மண்ணோ கீழே விழுந்து கிடந்தால் மட்டும் அன்றே யாரிடமாவது சொல்லுங்கள்.

சாந்தைப் பற்றி ஒரு பழைய கோபம் எனக்கு உண்டு. ஒரு கல்பாலத்தை, எது என்று சொல்ல வேண்டாம், ஓர் அலுவலகம் புதுப்பித்தது. இணைப்பு முழுவதையும் கெட்டி சிமெண்டால் அடைத்து, அழகாகக் கோடு போட்டு, படமும் எடுத்துப் போட்டார்கள். மூன்று மழைக்காலம் கழித்து நான் போனபோது சிமெண்ட் பட்டை கல்லிலிருந்து விலகி, பழைய புத்தகத்தின் அட்டை போல நின்றது. பேனாக்கத்தியை உள்ளே விட்டேன்; பிடி வரை போயிற்று. பின்னால் சுண்ணாம்பு ஈரமாவு போல இருந்தது. வெளியேற வழியில்லாமல் தண்ணீர் உள்ளேயே நின்றிருக்கிறது. சுண்ணாம்புச் சாந்து மென்மையானது, பாலம் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும்போது கூடவே அசையும், ஈரத்தையும் வெளியே விடும். சிமெண்ட் இரண்டையும் செய்யாது. நம் கறுப்புக் கல் மிகக் கடினமானது என்பதால் மணற்கல் பாலங்களில் நடப்பது போல விளிம்பு உதிராது. அதனாலேயே இங்கே சிமெண்டால் கெடுதல் இல்லை என்று வாதாடுவார்கள். கல்லுக்குக் கெடுதல் இல்லை, பின்னாலுள்ள சாந்துக்குத்தான். நீரிலேயே இறுகும் வகைச் சுண்ணாம்பு இப்போது மூட்டையில் கிடைக்கிறது. போர்ட் லூயியை எழுப்ப 1730-களில் புதுச்சேரியிலிருந்து வந்த நம் கொத்தனார்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்துச் சுண்ணாம்பு அரைத்த ஊர்க்காரர்கள் அல்லவா.

அடுத்தது மரம். பறவை போட்ட விதையிலிருந்து கல்லிடுக்கில் அரசும் ஆலும் முளைக்கும். விரல் கனத்தில் இருக்கும்போது ஒன்றும் தெரியாது. கை கனமானால் ஒரு டன் கல்லை நகர்த்திவிடும். இழுத்துப் பிடுங்கக் கூடாது, வேரோடு கல்லும் வரும். அடியோடு வெட்டி, வெட்டிய முகத்தில் உடனே களைக்கொல்லி தடவி, வேர் செத்த பிறகு அந்த இடத்தைச் சாந்தால் நிரப்ப வேண்டும். நான் பார்த்த ஒரு பாலத்தின் தூணடியில் ஆளுயர அரசமரம் நின்றது. அதற்கு யாரோ மஞ்சள் துணி சுற்றி, கற்பூரம் ஏற்றி, மூன்று கல் நட்டிருந்தார்கள். வெட்டப் போன ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். கடைசியில் பக்கத்து வீட்டு அம்மாள்தான் வழி சொன்னார்: “தம்பி, அதில் ஒரு கிளையை எடுத்து அந்த மேட்டில் ஊன்றுங்கள், சாமியை நான் அங்கே கூப்பிட்டுக்கொள்கிறேன்.” ஒரு மாதம் காத்திருந்து, கிளை துளிர்த்த பிறகே வெட்டினோம். வேலை அட்டவணையில் அந்த ஒரு மாதத்துக்கு என்ன காரணம் எழுதினேன் என்பது எனக்கு மறந்துவிட்டது.

தண்ணீர் மேலிருந்து மட்டும் வருவதில்லை. கல்பாலங்கள் உண்மையில் விழுந்த கதைகளை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் குற்றவாளி ஆறுதான். சூறாவளி நேரத்தில் வெள்ளம் தூணைச் சுற்றிச் சுழன்று அடிமண்ணைத் தோண்டும். இதிலுள்ள வஞ்சகம், வெள்ளம் வடியும்போது அதே குழியைத் தளர்ந்த மணலாலும் கூழாங்கல்லாலும் ஆறே மூடிவிட்டுப் போகும். மறுநாள் பார்த்தால் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். அதனால் கண்ணால் பார்த்துவிட்டு வந்தால் போதாது. இரும்புக் கம்பியால் தூணைச் சுற்றிக் குத்திப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் கம்பி நறுக்கென்று நிற்கும், இன்னோரிடத்தில் வெண்ணெயில் போவது போல இறங்கும். கரோல் 1960-இல், ஜெர்வேஸ் 1975-இல், ஹோலாந்தா 1994-இல் என்று இத்தனை சூறாவளிகளைக் கண்டு நிற்கிற பாலம் இனியும் நிற்கும் என்று ஊரில் சொல்வார்கள். அதை நான் பாதிதான் ஏற்பேன். ஒவ்வொரு சூறாவளியும் கொஞ்சம் தோண்டிவிட்டுப் போயிருக்கலாம். அஸ்திவாரம் பாறையில் உட்கார்ந்திருக்கிறதா, சரளையில் உட்கார்ந்திருக்கிறதா என்பதை ஓரிடத்திலாவது தோண்டியோ துளையிட்டோதான் அறிய முடியும். அந்தச் சோதனை செய்யாத அறிக்கையை அறிக்கை என்று நான் சொல்லமாட்டேன்.

விரிசல்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எல்லா விரிசலும் ஒன்றல்ல. பாலம் போகும் திசையிலேயே, பக்கச்சுவருக்குச் சற்று உள்ளே, வளைவின் அடிவயிற்றில் நீளமாக ஓடும் விரிசல் மிகச் சாதாரணம். பக்கச்சுவர் விறைப்பாகவும் நடுப்பகுதி தளர்வாகவும் இருப்பதால் வருவது. குறுக்காக, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஓடும் விரிசல் வேறு சாதி. அது உச்சியிலோ, உச்சிக்கும் தூணுக்கும் பாதிவழியிலோ இருந்தால் விசைக்கோடு கல்லின் விளிம்பைத் தொடுகிறது என்று பொருள் கொள்ள வேண்டும். தூணிலிருந்து சாய்வாக ஏறினால் அஸ்திவாரத்தைச் சந்தேகிக்கலாம். அதைவிட முக்கியம், விரிசல் உயிரோடு இருக்கிறதா என்பது. அதன் குறுக்கே சாந்து வைத்து ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதியை எழுதிவிட்டு வருவோம். ஆறு மாதம் கழித்துக் கண்ணாடி முழுதாக இருந்தால் விரிசல் தூங்குகிறது. பிறகு சுத்தியல். ஒரு கிலோ சுத்தியலால் தட்டினால் நல்ல கல் கணீரென்று திருப்பிக் கொடுக்கும், சுத்தியலும் கையில் துள்ளும். இணைப்பு விட்டுப்போன கல் தேங்காய்ச் சிரட்டையைத் தட்டியது போலப் பொத்தென்று சொல்லும். நாள் முழுக்கத் தட்டினால் மாலையில் காது எல்லாவற்றையும் பொத்தென்றே கேட்க ஆரம்பிக்கும். ஆகவே நாங்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒருவரையே தட்டவிடுவதில்லை.

இப்படியெல்லாம் சொல்வதால் நான் பயமுறுத்துவதாக எண்ண வேண்டாம். வேல்ஸில் மெர்தர் டிட்ஃபிலுக்கு அருகே கெவன் கோய்ட் பாலம் இருக்கிறது. 1866-இல் கட்டியது, 15 வளைவு, 35 மீட்டர் உயரம், பாதையே வளைந்து போகும். கட்டும்போது கல்தச்சர்கள் வேலைநிறுத்தம் செய்துவிட்டார்கள். வளைவுகளுக்கு அடிப்பக்கம் செங்கல் வைத்து முடித்தார்கள். இன்றும் கீழே நின்றால் அந்தச் சண்டை கண்ணுக்குத் தெரியும்: தூண் கல், அடிவயிறு செங்கல். 1960-களில் ரயில் நின்றது, இப்போது நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் தாஃப் தடம் என்ற நெடும்பாதையில் அதன் மேல் போகிறார்கள். இங்கிலாந்தின் வடக்கில் ஸ்மார்டேல் கில் என்றொரு பாலம், 14 வளைவு, 1962-இல் ரயில் நின்று, இடித்துவிடலாம் என்ற பேச்சு வரை போய், 1992-இல் பழுதுபார்த்து நடைபாதையாகிவிட்டது. முப்பது ஆண்டு கவனிப்பாரற்றுக் கிடந்தது மீண்டது என்றால் அறுபதும் மீளலாம். எதிர்மாறான கதையும் உண்டு. அதே பகுதியில் கிரேட் மஸ்கிரேவ் என்ற ஊரின் ஒற்றை வளைவுப் பாலத்தை, பாதுகாப்பு என்று காரணம் காட்டி 2021-இல் அடிப்பக்கம் முழுவதும் கான்கிரீட் கொட்டி அடைத்தார்கள். ஊர் எதிர்த்தது, திட்ட அனுமதி மறுக்கப்பட்டது, 2023-இல் கொட்டியவர்களே தோண்டி எடுக்க வேண்டியதாயிற்று.

நம் ஊரில் எல்லோரும் உடனே பாரீஸைக் காட்டுவார்கள், பாஸ்டீலிலிருந்து போகும் பழைய ரயில் பாலத்தின் மேல் உள்ள தோட்டப்பாதையை. அழகான பாதைதான், நானும் நடந்திருக்கிறேன். ஆனால் பாலத்தின் மேல் அங்கே நடக்க மட்டுமே அனுமதி, சைக்கிள் கிடையாது. உங்கள் பாலத்தில் இரண்டும் வேண்டும் என்கிறார்கள், அங்கே இடிக்கும். ஒற்றை ரயில் பாதைக்காகக் கட்டிய பாலத்தில் கைப்பிடிச்சுவர்களுக்கு நடுவே 4 மீட்டரோ சற்று மேலோதான் இருக்கும். இருசாராரும் பகிர்ந்துகொள்ள 3 மீட்டராவது சுத்தமாக வேண்டும், ஆக முடியும், நெருக்கிப்பிடித்து. பெரிய சிக்கல் சுவரின் உயரம். ரயிலில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கப் போவதில்லை என்பதால் அதைத் தாழ்வாகவே கட்டினார்கள். சைக்கிளில் உட்கார்ந்தவரின் இடுப்பு நடப்பவரின் இடுப்பைவிட உயரத்தில் இருக்கிறது. மோதினால் சுவரைத் தாண்டி விழுவார். சைக்கிளுக்கு 1.4 மீட்டர் உயரத் தடுப்பு வேண்டும். அதற்குக் கம்பி வேலி போடும்போது பழைய சுவரில் துளையிட்டு ஆணி அடிக்க விடாதீர்கள். மேலே போடும் கான்கிரீட் தளத்திலேயே கம்பங்களை நிறுத்தினால் தளத்தின் எடை அவற்றைப் பிடித்துக்கொள்ளும், பழைய கல்லைத் தொட வேண்டாம்.

அந்தத் தளம்தான் நடைபாதையாக்குவதால் பாலத்துக்குக் கிடைக்கும் மிகப் பெரிய நன்மை. சரியாகப் போட்டால் அது ஒரு கூரை. அடியில் நீர்புகாத விரிப்பு, இரண்டு பக்கமும் சாய்வு, ஓரத்தில் வாய்க்கால், வாய்க்காலிலிருந்து தண்ணீரைக் கல்முகத்தில் படாமல் எட்டித் தள்ளிவிடும் குழாய்கள். உங்கள் ஊர்க்கூட்டத்தில் வரைபடத்தைக் காட்டும்போது மரப்பலகை இருக்கையையும் விளக்குக் கம்பத்தையும்தான் காட்டுவார்கள். மழைநீர் எங்கே போகிறது என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். பதில் சட்டென்று வராவிட்டால் அந்த வரைபடம் இன்னும் முடியவில்லை. பாலத்தின் மேல் பாசி பிடித்து வழுக்காத மேற்பரப்பு, சூறாவளி எச்சரிக்கை மூன்றாம் நிலைக்குப் போனால் இரு முனையிலும் பூட்டுவதற்குக் கதவு, இவையெல்லாம் சில்லறை வேலை, யாரும் மறக்கமாட்டார்கள்.

எனக்கு உறுதியாகத் தெரிந்ததையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். நன்றாக இருக்கும் கல்வளைவு நடப்பவர்களையும் சைக்கிளையும் தாங்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்கள் பாலம் ‘நன்றாக இருக்கும்’ வகையா என்பது சந்தேகம், அது சோதனைக்கு உரியது. சோதனை செய்பவர்கள் ஓர் எண்ணோடு வருவார்கள், இத்தனை டன் தாங்கும் என்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவ வண்டிகள் கல்பாலத்தைக் கடக்கலாமா என்று விரைவாக முடிவெடுக்க உருவான ஒரு சூத்திரம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. வளைவின் அகலம், உயரம், தடிமன் எல்லாம் அதில் அளந்து போடுவது. கடைசியில் பாலத்தின் நிலைமைக்கு என்று ஒரு பெருக்கல் எண் வரும், அதைப் போடுவது சோதித்தவரின் கண். நானே ஒரு பாலத்துக்கு 0.7 போட்டேன், உடன் வந்தவர் 0.9 போட்டார். இருவரும் அதே கல்லைத்தான் தட்டியிருந்தோம். ஆகவே எண்ணைக் கேட்டதோடு நிற்காமல் அந்தப் பெருக்கல் எண் என்ன, ஏன் என்றும் கேளுங்கள். செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். தோண்டிப் பார்க்காமல் யார் எந்தத் தொகை சொன்னாலும் அது ஆசைதான்.

பாதையாக்கினால் ரயில் இனி வரவே வராது என்று உங்கள் மாமா வருந்துவதாக எழுதியிருந்தீர்கள். ரோஸ் ஹில் பக்கம் அவரை ஒருமுறை கூட்டிவாருங்கள். பழைய ரயில்பாதை மேல் மரநிழலில் எங்கள் ஊரார் பல ஆண்டு நடந்த ரொலான் அர்மான் உலாச்சாலை வழியாகத்தான் மெட்ரோ ரயில் போகிறது. மரங்கள் போனதில் எனக்கு மனவருத்தம் உண்டு; ஆனால் அந்த நிலம் துண்டு துண்டாக வீட்டுமனையாகாமல் நீளமாகக் கிடந்ததால்தான் தண்டவாளம் திரும்ப முடிந்தது.

பாட்டிக்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதிலுக்கு ஒரு சிறு வேலை இருக்கிறது. நல்ல மழை பெய்து நின்ற இரண்டாம் நாள் பாலத்துக்கு அடியில் போங்கள். முதல் நாள் எல்லாமே நனைந்திருக்கும், ஒன்றும் புரியாது. இரண்டாம் நாள் எந்த வளைவு இன்னும் சொட்டுகிறது, எந்தத் துளையிலிருந்து தண்ணீர் வருகிறது, எது காய்ந்தே கிடக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காய்ந்த துளை பெரும்பாலும் அடைபட்ட துளை. சற்று விலகி நின்று பக்கச்சுவரின் வரிசை நேராக ஓடுகிறதா, வயிறு தள்ளியிருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். பாலத்தின் மேல் ஏறாதீர்கள், ஓரக்கல் எது தளர்ந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. படம் எடுத்து அனுப்பினால் பார்க்கிறேன். விரிசலைப் படமெடுக்கும்போது பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டிவைத்து எடுங்கள், இல்லாவிட்டால் அது மயிரளவா விரலளவா என்று இங்கிருந்து எனக்குத் தெரியாது.